கோட்டைக்குள் கிடைத்த காகிதம்

பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகிறவர்கள் 1974இல் எழுப்பிய நினைவுக் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், கரிசல் மண்ணில் கரைந்தது போக மிஞ்சியிருக்கும் பழைய கோட்டையின் அஸ்திவாரத்தருகிலும் சற்று நின்றுவர வேண்டும். 1783 ஆகஸ்டில் கும்பினிப் படையோடு வந்து அக்கோட்டையைப் பிடித்த கர்னல் புல்லார்ட்டனுக்கு, பீரங்கிகளோடும் வெடிமருந்தோடும், கொழும்பிலிருந்த ஒல்லாந்த சர்க்கார் கட்டபொம்முவோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் மூலப் பிரதியே அங்கே அகப்பட்டது. (இவர் கயத்தாற்றில் தூக்கிலேறிய வீரபாண்டியர் அல்லர், அவருக்கு முந்தின தலைமுறை.)

பீரங்கி கிடைத்ததில் அதிசயமில்லை. அது எந்தத் தேசத்துப் பட்டறையில் வார்த்ததானாலும் விலைக்கு வாங்கியதென்று சாதித்துவிடலாம். ஒப்பமிட்ட காகிதத்துக்கு அப்படிச் சமாதானம் சொல்ல இயலாது. முத்துக்குளிப்பையும் துணி வியாபாரத்தையும் நம்பித் தூத்துக்குடியில் காலூன்றியிருந்து, அதையும் 1782இல் ஆங்கிலேயரிடம் பறிகொடுத்திருந்த ஒல்லாந்தருக்கு, தாமிரபரணிச் சீமையில் தம் சத்துருவுக்கு ஓர் உபத்திரவத்தை வளர்த்து வைப்பதிலிருந்த சிரத்தை, பாளையக்காரரின் சுயாதீனத்தில் இருந்திருக்குமென்று நான் நம்பவில்லை.

சீனாவுக்கு மேனாட்டார் ஆயுதம் விற்கலாமா என்னும் இக்காலத்து விவாதத்திலும் விலை இரண்டாம்பட்சமே. அந்த ஆயுதம் நாளை யார் முகத்துக்கு நேரே நீளும் என்பதுதான் கேள்வி. தியானன்மென் சதுக்கத்தில் ரத்தம் சிந்திய 1989 ஜூன் மாதக் கடைசியில், மாட்ரிட்டில் கூடிய ஐரோப்பியத் தலைவர்கள் விதித்த தடையும் ஒரு காகிதந்தான். சட்டமன்று, பிரகடனத்தில் ஒரு வாசகம். எது ஆயுதம், எது அன்று என்பதை ஒவ்வொரு தேசமும் தன் சௌகரியம்போல் வியாக்கியானம் செய்துகொண்டது. பிரான்சின் சிராக்கும் ஜெர்மனியின் ஷ்ரோடரும் அதை நீக்கிவிட முனைந்தபோது, தைவான் கடலில் ஐரோப்பியக் கருவிகளைத் தன் கப்பல்களே எதிர்கொள்ள நேருமோ என்று அமெரிக்கா சினந்தது. 2005 மார்ச்சில், தைவான் பிரிந்து போனால் பலாத்காரமும் பிரயோகிக்கலாம் என்று பீஜிங் சட்டமே இயற்றிவிடவே, அந்த முயற்சி அடங்கிப்போயிற்று.

இஸ்ரேலின் கதை இன்னும் ருசிகரமானது. ஆகாயத்திலிருந்தே எதிரியின் விமானங்களைக் கண்டறியும் பால்கன் ரேடாரைச் சீனாவுக்கு விற்பதாக ஒப்புக்கொண்டிருந்த அத்தேசம், வாஷிங்டன் முகம் சுளித்ததால் 2000 ஜூலையில் பேரத்தை முறித்து, பிற்பாடு சீனாவுக்கு நஷ்டஈடும் கட்டியது. அதே ரேடாரை ருஷ்ய விமானத்தில் ஏற்றி, மூன்று விமானங்களாக விற்பதற்கு 2004இல் ஒப்பந்தமானபோது, வாங்குகிறவன் இமயத்துக்குத் தெற்கே இருந்தபடியால் வாஷிங்டன் தலையசைத்தது.