மீனும் கதிரியக்கமும்



அந்தமான் தீவுகளில் குடியேறி வாழும் தமிழ் மக்களுக்கு மீன் அன்றாட உணவு; பலருக்குத் தொழிலும் அதுவே. 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையம் ஆழிப்பேரலையால் சேதமுற்றபோது, இனி மீன் உண்ணலாமா என்னும் ஐயம் பல நாடுகளில் எழுந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் அத்தகைய பேரலையைக் கண்ட இத்தீவினருக்கு அந்த ஐயம் அயலார் கவலையன்று. ஆகவே, சிறிதளவு கதிரியக்கம் மீனின் உடலில் என்ன செய்கிறது என்று ஆராய்வோம்.

கதிரியக்கமே இல்லாத மீன் எக்கடலிலும் இல்லை. பொட்டாசியம்-40, பொலோனியம்-210 என்னும் இயற்கைப் பொருள்கள் கடல்மீன்களில் என்றும் உள்ளன. 2011 ஆகஸ்டில் கலிபோர்னியாக் கரையருகே பிடிபட்ட நீலத்துடுப்புச் சூரை மீன்களில் புகுஷிமாவின் சீசியம் காணப்பட்டது. ஆயினும், அதனால் உண்பவர் பெறும் கதிர்வீச்சைவிட, அதே மீனிலிருந்த இயற்கைப் பொலோனியம் தருவதே மிக அதிகம் என்று அறிவியலார் கணக்கிட்டனர்.

இனி மரபணுவைப் பார்ப்போம். ஓர் அலுவலகத்தின் விதிநூலில் எல்லா விதிகளும் உள்ளன. வேண்டிய பக்கத்தையே அவ்வப்போது புரட்டுகிறோம். உயிரணுவும் அவ்வாறே, தேவையான மரபணுக்களை மட்டும் செயற்படுத்துகிறது. இதனை ஆராய உதவுவது, நம் நாட்டு ஓடைகளில் வாழும் சிறிய வரிக்குதிரை மீன். அதன் முட்டையில் வளரும் கரு கண்ணாடிபோல் தெளிந்தது. மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டிற்கு இணையானவை அதனிடம் உண்டு. இக்கருக்களின்மீது சிறிதளவு கதிர்வீச்சைச் செலுத்தியபோது, வெளியே ஊனம் எதுவும் தோன்றாத நிலையிலும், சிதைவைப் பழுதுபார்க்கும் மரபணுக்கள் சிலவற்றின் செயல் மாறக் கண்டனர்.

இதன் பொருள் யாது? தீயணைப்பு விதியைப் புரட்டினார்கள் என்றால் கட்டடம் எரிந்துவிட்டது என்று கொள்ளலாகாது. புகை தென்பட்டது என்றே கொள்ளவேண்டும். உயிரணு பழுதைச் சீர்செய்து மீளவும் கூடும். ஆனால் கதிர்வீச்சு மிகுமானால், அல்லது நெடுங்காலம் நீடிக்குமானால், இனப்பெருக்கம் குன்றக்கூடும். நாளொன்றுக்கு 1 முதல் 10 மில்லிகிரே வரை பெறும் மீன்களைப் பற்றிக் கவனம் கொள்ளவேண்டும் என்று கதிரியக்கப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் வரையறுத்துள்ளது.

எனவே, மாற்றம் உண்டா என்று கேட்பதோடு நில்லாமல், எவ்வளவு, எத்தனை நாள், எப்பருவத்தில் என்றும் கேட்கவேண்டும். அதற்கு இயல்பான அளவு முன்பே தெரிந்திருத்தல் அவசியம். கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றி மீனையும் கடல்நீரையும் எடுத்துச் சோதித்து வருகின்றனர். விபத்து நேர்ந்தபின் அளக்கத் தொடங்கினால், ஒப்பிட ஒன்றும் இராது. அமைதியான நாளில் எடுத்துவைத்த அளவே, பின்னொருநாள் வதந்தி பரவும்போது மீனவரின் பிழைப்பையும் உண்பவரின் நலத்தையும் ஒருங்கே காக்கும்.