தண்டனைக் கணக்கு மட்டும் நீதியாகுமா?



பெண்ணைப் பலாத்காரம் செய்தவன் ஜெயிலுக்குப் போய்த் திரும்பி, மீண்டும் அதே கொடுமையைச் செய்தால் என்ன தண்டனை? “வெளியே விடாதே!” என்றுதான் நம் வாய் முதலில் சொல்லும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கனடா நாட்டில் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கொடிய சரித்திரம் இருக்கிறது.

அந்நாட்டு ஜனத்தொகையில் ஆதிக்குடி மக்கள் நூற்றுக்கு 5 பேர். மத்திய சிறைகளிலோ நூற்றுக்கு 30 பேருக்கு மேல்! பிறவிக் குற்றவாளிகளா அவர்கள்? இல்லை. அவர்களுடைய நிலம் பறிக்கப்பட்டது. 1,50,000க்கும் அதிகமான குழந்தைகள் சர்க்கார் பணத்தில் கிறிஸ்தவ சபைகள் நடத்திய விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்டனர். தாய்மொழி பேசினால் அடி. பல குழந்தைகள் அங்கேயே பாலியல் கொடுமைக்கு இரையாயினர். 2008ல் பிரதமர் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார்.

ஆதிக்குடிக் குற்றவாளியின் நிலைமையை நீதிபதி தனிக் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்று 1996ல் சட்டம் வந்தது. 1999ல் கிளாடு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அதை வலியுறுத்தியது. கொடுங்குற்றங்களுக்கு இது பொருந்தாது என்று பல நீதிபதிகள் ஒதுக்கி வைத்தனர். பொருந்தும் என்று 2012ல் இப்பிலீ வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பில் இருவரின் வழக்குகள் சேர்ந்து வந்தன. இருவரும் முன்பு பாலியல் குற்றத்துக்காகச் சிறை சென்று, விடுதலைக்குப் பின் நீண்டகாலக் கண்காணிப்பில் இருந்தவர்கள். ஒருவர் குடித்தார், மற்றவர் போதை மருந்து உட்கொண்டார். அந்த நிபந்தனை மீறலுக்கு முதலில் ஆளுக்கு 3 ஆண்டு விதிக்கப்பட்டது. முடிவில் அது 1 ஆண்டாயிற்று.

இரண்டாமவரின் கதையைக் கேளுங்கள். 5 வயதில் விடுதிப் பள்ளி, அங்கே பாலியல் கொடுமை. விடுதலையாகும்போது காம்லூப்ஸ் நகரில், தம் மக்களின் பண்பாட்டுத் துணை கிடைக்கும் இல்லத்துக்கு அவர் போக இருந்தார். பழைய வாரண்டு ஒன்றைக் காட்டிப் பிடித்தார்கள். கடைசியில் போய்ச் சேர்ந்ததோ வான்கூவரில் போதை மருந்து மலிந்த பகுதிக்கு! விழுந்தது அவர், தள்ளிவிட்டது யார்?

சரி, பாதிக்கப்பட்ட பெண்? பல வழக்குகளில் அவளும் ஆதிக்குடிப் பெண்தான். அவள் பாட்டியும் அதே பள்ளியில் அழுதிருக்கலாம். குற்றவாளியின் துயரத்தைச் சொல்லி அவள் துயரத்தை மறைத்தால் அதுவும் அநீதியே. பாதிக்கப்பட்டவர் ஆதிக்குடிப் பெண் என்பதால் அதிக ஆபத்துக்கு உள்ளாகும் நிலையில் இருந்தால், குற்றத்தைக் கண்டிப்பதற்கும் தடுப்பதற்கும் முதலிடம் தர வேண்டும் என்று 2019ல் கனடா சட்டம் செய்தது.

இந்த இரண்டு சட்டமும் வேண்டும் என்பதே நம் கருத்து. ஒன்றைக் காட்டி மற்றொன்றை வெட்டக் கூடாது. அதே சமயம், வருஷத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டுமே நீதியாகிவிடாது. சிகிச்சையின்றி 10 ஆண்டு பூட்டி வைத்தால் ஆபத்து தள்ளிப்போகும், தீராது. சிகிச்சையும் கண்காணிப்பும் இன்றிச் சீக்கிரம் விட்டால், விலை கொடுப்பவள் குடிசையில் கதவில் தாழ்ப்பாள் இல்லாமல் வாழும் ஏழைப் பெண்!

குற்றவாளிக்கு அவன் மொழியில் சிகிச்சை, உறுதியான கண்காணிப்பு, பெண்ணுக்குப் பாதுகாப்பான வீடு — இம்மூன்றுக்கும் சர்க்கார் பணம் தர வேண்டும். குழந்தைகளைப் பறிக்கப் பணம் இருந்ததே! புண்ணை உண்டாக்கியவனே மருந்துச் செலவையும் ஏற்கட்டும். அதுவரை கோர்ட்டுத் தீர்ப்பு பாதி நீதிதான், தோழர்களே!