இலட்சுமிகாந்தன் கொலை வழக்கும் பத்திரிகைகளும்



ஒரு பத்திரிகையாளர் நினைவாக நடக்கும் கூட்டத்தில் பத்திரிகைகளின் பெருமையைப் பேசுவதுதான் வழக்கம். நானோ இலட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் பேச்சுப் பொருளாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எழுத்தின்மேல் மரியாதை உள்ளவர்கள் கூடும் இடத்தில்தான் இதைப் பேசவேண்டும் என்பது என் எண்ணம்.

1944 நவம்பர் 8. வேப்பேரியில் வழக்கறிஞர் நண்பர் ஒருவரைப் பார்த்துவிட்டு, புரசைவாக்கத்தில் இருந்த தம் வீட்டுக்குக் கைரிக்‌ஷாவில் திரும்பிக்கொண்டிருந்தார் சி. என். இலட்சுமிகாந்தன். வழியில் மறித்துக் கத்தியால் குத்தினார்கள். குத்துப்பட்டவர் எப்படியோ நண்பர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் உயிர் போய்விட்டது.

போலி ஆவண வழக்கில் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர் அவர். 1943-இல் ‘சினிமா தூது’ என்று ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். நடிகர், நடிகையரின் அந்தரங்கம்தான் அதன் சரக்கு. எழுதிக் காசு பார்த்தார். எழுதாமல் இருக்கவும் காசு வாங்கினார். பத்திரிகை விற்ற விலையைவிட, விற்காமல் இருக்கக் கிடைத்த விலை அதிகம் என்று அன்றைய சினிமா உலகம் பேசிக்கொண்டது.

அது யுத்த காலம். காகிதத்துக்குக் கட்டுப்பாடு இருந்தது. உரிமம் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது. பாட்டால் புகழ்பெற்ற நடிகர் எம். கே. தியாகராஜ பாகவதரும், நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும், கோவைப் பட அதிபர் ஸ்ரீராமுலு நாயுடுவும் சேர்ந்து கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். ‘சினிமா தூது’ நின்றது. இலட்சுமிகாந்தன் சும்மா இருக்கவில்லை. ‘இந்துநேசன்’ என்ற பத்திரிகையைக் கைக்குக் கொண்டுவந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இப்போது சினிமாக்காரர்களோடு ஊர்ப் பெரிய மனிதர்களும் அதில் அடிபட்டார்கள்.

அந்த மனுவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவதூறுக்கு ஆளானவர்கள் அரசாங்கத்திடம் போய் முறையிட்டார்கள். சட்டம் காட்டிய வழி அது. ஆனால் கொலை நடந்த பிறகு, பகை இருந்தது என்று சொல்ல அந்த மனுவே கைகொடுத்தது. நேர்வழியில் போனதே பிற்பாடு சந்தேகத்துக்கு வித்தாகிவிட்டது. இந்த வழக்கில் என்னை அதிகம் வருத்துவது இதுதான்.

டிசம்பர் கடைசியில் மனுக் கொடுத்த மூவரும் கைதானார்கள். அந்தத் தீபாவளிக்கு வெளியான பாகவதரின் ‘ஹரிதாஸ்’ பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் சிறையில் இருக்க, படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

1945-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்பு, ஜூரிகளை வைத்து விசாரணை நடந்தது. நாயுடுவுக்காக வாதாட பம்பாயிலிருந்து கே. எம். முன்ஷி வந்தார். மே 3-ஆம் தேதி தீர்ப்பு. நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. பெர்லின் விழுந்த செய்தி வந்த வாரம் அது. ஆறு வருஷம் உலகத்தை ஆட்டிவைத்த யுத்தம் ஐரோப்பாவில் முடிந்துகொண்டிருக்க, தமிழ்நாட்டுத் தெருக்கள் பாகவதரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன.

இந்த வழக்கை அன்று தினசரிகள் எழுதிய விதத்தை முழுக்கக் குறைசொல்ல நான் வரவில்லை. நீதிமன்றத்தில் நடப்பதை மக்களுக்குச் சொல்வது பத்திரிகையின் கடமை. ஆனால் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் புகழ்பெற்றவர்கள் என்பதால், கண்ணெல்லாம் அந்தக் கூண்டின் மேலேயே இருந்தது. அவர்கள் முகம் எப்படி இருந்தது, யார் பார்க்க வந்தார்கள் என்பதே பேச்சு. அரசுத் தரப்பு நம்பியிருந்தது அப்ரூவராக மாறிய ஒருவரின் வாய்மொழியை. அதைத் தாங்கப் போதுமான தனிச்சான்று இருக்கிறதா என்ற கேள்விதான் வழக்கின் உயிர்நாடி. வழக்கறிஞர்களைத் தாண்டி அந்தக் கேள்வி ஊருக்குள் போய்ச் சேரவில்லை.

ஜூரிகளாக உட்கார்ந்தவர்களும் இதே நகரத்துக்காரர்கள்தான். பாகவதரின் பாட்டைக் கேட்காதவரோ, ‘இந்துநேசன்’ எழுதிய வம்பு காதில் விழாதவரோ அன்றைய சென்னையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சாட்சிகள் கூண்டேறுமுன்பே மனத்தில் ஒரு கதை எழுதப்பட்டுவிட்ட ஒருவரைக் கூப்பிட்டு, கூண்டில் கேட்டதை மட்டும் வைத்து முடிவுசெய் என்றால் அது லேசான காரியமில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1959-இல் பம்பாயில் நடந்த நானாவதி கொலை வழக்கிலும் இதைப் பார்த்தோம். அங்கே ‘பிளிட்ஸ்’ வாரப்பத்திரிகை குற்றம்சாட்டப்பட்ட கடற்படை அதிகாரியின் பக்கம் கொடி பிடித்தது. ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்று அவரைக் குற்றவாளி இல்லை என்றார்கள். உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1961-இல் உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது.

சென்னையில் முதல் மேல்முறையீடு தோற்றது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்தது. மறு விசாரணையில் அவர்களுக்காக வி. எல். எத்திராஜ் வாதாடினார். நீதிபதிகள் ஹாப்பலும் ஷஹாபுதீனும் 1947 ஏப்ரலில் பாகவதரையும் கிருஷ்ணனையும் விடுவித்தார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் சிறையில் கழிந்திருந்தது. கிருஷ்ணனுக்கு மனைவி டி. ஏ. மதுரமும் நண்பர் எஸ். வி. சகஸ்ரநாமமும் இருந்தார்கள், அவர் உள்ளே இருந்தபோதே ‘பைத்தியக்காரன்’ படத்தைத் தொடங்கி அவர் பெயரை அணையாமல் காத்தார்கள். வெளியே வந்து மறுபடி மக்களைச் சிரிக்கவைத்தார். பாகவதருக்கு அது வாய்க்கவில்லை. ஒப்பந்தமான படங்கள் எல்லாம் கைநழுவிப் போயிருந்தன. 1948-இல் ‘ராஜமுக்தி’ எடுத்தார், ஓடவில்லை. 1959-இல் காலமானார். விடுதலைத் தீர்ப்பை ஊர் படித்தது. ஆனாலும் ‘கொலைக் கேஸில் உள்ளே போனவர்’ என்ற பேச்சு அவரை விடவில்லை.

இன்றுவரை இந்த வழக்கைப் பற்றி வந்திருக்கும் எழுத்தில் பெரும்பகுதி இரண்டு கலைஞர்களின் வீழ்ச்சியைப் பற்றியது. கொஞ்சம் இலட்சுமிகாந்தனைப் பற்றியது. ‘சினிமா தூது’ யாரை முதலில் கடித்தது என்பதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. நாடகத்திலிருந்தும் இசைக் குடும்பங்களிலிருந்தும் அப்போதுதான் படத்துக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் அவர்கள். நட்சத்திரங்களுக்குக் கவர்னர் மாளிகை வரை போக வழி இருந்தது. வாரச் சம்பளத்துக்கு நடித்த ஒரு பெண் எங்கே போயிருப்பாள்? காசு கொடுத்து வாயடைப்பாள், அல்லது ஊர்ப் பேச்சைச் சுமப்பாள். கூண்டில் நின்றவர்களுக்கு எத்திராஜ் கிடைத்தார். அச்சில் ஏறிய அந்தப் பெண்களுக்காக ஒரு வரி மறுப்புக்கூட அச்சானதாகத் தெரியவில்லை.

இங்கே இதழியல் படிக்கும் மாணவர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். இந்த வழக்கை ஆய்வுக்கு எடுப்பவர் யாராவது இருந்தால், 1944 நவம்பர் 8-இல் தொடங்காதீர்கள். ஒரு வருஷம் பின்னால் போய், ‘சினிமா தூது’ பக்கங்களிலிருந்து தொடங்குங்கள்.