கம்ப்யூட்டரின் பின்பக்கம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் அலுவலகக் கணக்காளர் பேசியது)



கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் அதோட பின்பக்கத்தைப் பற்றி மட்டும் பேசப் போறேன். அதுக்குக் காரணம் இருக்கு.

போன வருஷம் போகிக்கு முந்தின வாரம் நம்ம ஆபீஸுக்கு வெள்ளையடிச்சு, மேசையை நகர்த்திப் போட்டோம். மறுநாள் 6 குழுக்களின் கடன் பட்டியலை வங்கியில் கொடுக்கணும். சுவிட்சைப் போட்டா பெட்டி ஓடுது, திரையில் மட்டும் ‘நோ சிக்னல்’னு வருது. எனக்குக் கை கால் ஓடலை. டவுனிலிருந்து ஒருத்தரை வரவழைச்சோம். பின்னால கையை விட்டு ஒரு வயரை அழுத்தினார், ரெண்டு திருகை முடுக்கினார். படம் வந்துடுச்சு. கூலி 400 ரூபாய். வாரம் 50 ரூபாய் கட்டுற நமக்கு, அது 8 பேரோட ஒரு வாரச் சேமிப்பு. அவர் மேல குத்தமில்லை. திரும்பிப் பார்க்கப் பயந்தது நாமதான்.

அன்னைக்கே பின்பக்கத்தைப் படமா வரைஞ்சு, ஒவ்வொண்ணா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நம்ம பெட்டியில் மேலே இருப்பது கரண்ட் வயர் மாட்டுற இடம். பக்கத்தில் சின்னச் சிவப்பு சுவிட்சு இருந்தா, அதில் 230 என்றுதான் தெரியணும். 115-க்குத் தள்ளிட்டா நம்ம ஊர் கரண்டுக்கு உள்ளே இருக்கிறது புகைஞ்சு போயிடும். அதைத் தொடவே வேண்டாம்.

அதுக்குக் கீழே ரெண்டு வட்டத் துளை. ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. மாட்டுற வயர் முனையின் உள்ளே ஊசி மாதிரி கம்பிகள் இருக்கும். நான் ஒருமுறை அவசரத்தில் திருப்பி வச்சு அழுத்தி, கம்பி வளைஞ்சு புது கீபோர்டு வாங்கினோம். அந்தச் செலவு என் கணக்கு. இதை மாட்டும்போது கம்ப்யூட்டர் அணைஞ்சிருக்கணும்.

நீல நிறத்தில் 15 துளையோட அகலமா இருப்பது திரைக்கான வி.ஜி.ஏ. அன்னைக்கு நம்மை அழ வச்சது இதுதான். ரெண்டு பக்கமும் திருகை முடுக்கலைன்னா, மேசையை இழுத்தாலே கழண்டுக்கும். புதுப் பெட்டிகளில் திருகில்லாத எச்.டி.எம்.ஐ. இருக்கும். சில பெட்டிகளில் கீழே தனியா ஒரு கார்டு போட்டு, அதிலும் திரைக்கு இடம் வச்சிருப்பாங்க. அப்படி இருந்தா, பெரும்பாலும் திரை வயரை அந்தக் கார்டில்தான் மாட்டணும்.

தட்டையான செவ்வகத் துளைகள் யு.எஸ்.பி. பிரிண்டர், பென் டிரைவ், கைரேகைக் கருவி எல்லாம் இதில்தான். ஒரு பக்கம் போகலைன்னா திருப்பி வச்சுப் பாருங்க, பலம் காட்டாதீங்க. இன்டர்நெட் வயர் ‘டிக்’னு சத்தம் கேட்டு உட்காரணும். கழட்டும்போது அதோட நாக்கை அழுத்திக்கிட்டு இழுக்கணும். சின்ன விளக்கு மினுக்கலைன்னா முதலில் அந்த வயரைப் பாருங்க. சின்ன வட்டத் துளைகளில் பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு.

இவ்வளவுதான் சகோதரிகளே. ஒவ்வொரு துளைக்கும் அதுக்கேற்ற வடிவம், பெரும்பாலும் அதுக்கேற்ற நிறம். எந்த டப்பாவில் கடுகு, எந்த டப்பாவில் சீரகம்னு இருட்டிலும் எடுக்கிற கை நம்ம கை. இது நமக்குப் பெரிசா?

மூணு விஷயம் மட்டும் மனசில் வையுங்க. கழட்டுறதுக்கு முன்னால செல்போனில் ஒரு படம் எடுங்க. கம்ப்யூட்டரை முறைப்படி அணைச்சு, சுவரில் இருக்கிற சுவிட்சையும் அணைங்க. ஈரக் கையோட தொடாதீங்க. பெட்டியின் மூடியைத் திறக்கிற வேலை மட்டும் மெக்கானிக்குக்கு இருக்கட்டும்.

வர்ற சனிக்கிழமை குழுவுக்கு ரெண்டு பேர் ஆபீஸுக்கு வாங்க. எல்லா வயரையும் கழட்டி வைக்கிறேன், நீங்க மாட்டுங்க. நான் லீவில் இருக்கிற நாளிலும் நம்ம பட்டியல் வங்கிக்குப் போய்ச் சேரணும். அதுதான் என் ஆசை.