துண்டறிக்கையும் இசையும்



சொல்லின்றிக் கதை சொல்ல இயலுமா என்பது கவிஞர்கள் கூடிய அவையில் எழத்தக்க வினாவே. ஐரோப்பியப் புனைவியல் காலத்தில் இவ்வினாவை முனைப்பாக எழுப்பியவர் பிரெஞ்சு இசைப்படைப்பாளர் பெர்லியோஸ். அயர்லாந்து நடிகை ஹாரியட் ஸ்மித்சன் ஒஃபீலியாவாக நடிக்கக் கண்டு 1827-இல் அவர் கொண்ட காதல், 'ஃபான்டாஸ்டிக் சிம்பொனி'யாக உருவெடுத்தது. ஐந்து பகுதிகள் கொண்ட அவ்விசை 1830 டிசம்பர் 5-ஆம் நாள் பாரிசில் அரங்கேறிற்று. காதலில் நைந்த இளங்கலைஞன் ஒருவனின் கதையைத் துண்டறிக்கையாக அச்சிட்டு, கேட்க வந்தோர் கையில் கொடுக்கச் செய்தார் அவர்.

காதலிக்கென ஒரே மெட்டு. முதற்பகுதியில் வயலின்களும் புல்லாங்குழலும் அதனை ஏக்கத்தோடு இசைக்கின்றன. நடன அரங்கில் அது சுழல்நடைக்கு ஆட்படுகிறது. இறுதியில், சூனியக்காரிகளின் களியாட்டில், சிறிய கிளாரினெட்டின் கீச்சுக்குரலில் அதே மெட்டு இழிந்த கூத்தாகி வருகிறது. முன்பு கேட்டது நெஞ்சில் நிற்பதனாலன்றோ இவ்வீழ்ச்சி நோகிறது! ஆக, இங்கே கதைசொல்லி கேட்பவரின் நினைவே.

மூன்றாம் பகுதி இன்னும் நுட்பமானது. வயல்வெளியில் ஓர் இடையனின் குழல் அழைக்கிறது. மேடைக்கு அப்பாலிருந்து மற்றொரு குழல் விடையிறுக்கிறது. பகுதி முடியுந் தறுவாயில் முதற்குழல் மீண்டும் அழைக்கிறது. விடையில்லை. நால்வர் முழக்கும் முரசுகளில் தொலைவிடி மட்டும் உறுமுகிறது. துண்டறிக்கையைக் கண்ணால் காணாதவரும் இத்தனிமையை உணர்வர்.

நான்காம் பகுதி அத்தகையதன்று. கொலைமேடை நோக்கிய நடையின் முடிவில் கிளாரினெட் அம்மெட்டைத் தொடங்குகிறது. பேரொலி ஒன்று அதனைத் துணிக்கிறது. ஏதோ அறுபட்டது என்பது காதுக்குப் புலனாகும். அறுபட்டது யாருடைய கழுத்து, எக்குற்றத்திற்காக என்பதைச் சொல்தான் உரைக்க வேண்டும். காதலியைக் கொன்றதாகக் கலைஞன் கனவு காண்கிறான் என்கிறது துண்டறிக்கை. எந்தக் கருவியும் அதனைச் சொல்லாது. மெட்டைக் காதலி என்றதும் அத்தாள்தானே!

பெர்லியோசுக்கே இதில் உறுதி நிலைக்கவில்லை. அபினி மயக்கம் முதலில் நான்காம் பகுதியில்தான் தொடங்கிற்று. 1855-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஐந்து பகுதிகளும் அம்மயக்கத்தின் கனவாயின. 1845-இல் துண்டறிக்கை இன்றியமையாதது என்றவர், இப்பதிப்பில், சிம்பொனியைத் தனியே இசைக்கும்போது அது வேண்டுவதில்லை என்றார். பகுதிகளின் தலைப்புகளை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.