வயதும் முறிந்த எலும்பும்



பத்து வயதுப் பையன் மரமேறி விழுந்து கையை முறித்துக்கொள்கிறான். ஐந்தாறு வாரங்களில் கட்டை அவிழ்த்துவிட்டுப் பந்து விளையாடப் போய்விடுகிறான். அதே வீட்டில் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொள்கிறார். மூன்று மாதமாகியும் எலும்பு சரியாகக் கூடவில்லை. "வயதாகிவிட்டது, இனி அப்படித்தான்" என்று சொல்லி நாம் விட்டுவிடுகிறோம். அப்படி விட்டுவிடலாமா? வயதானவர்களுக்கு எலும்பு கூடத் தாமதமாவது ஏன்? இதைப் பற்றி இன்று பார்ப்போம்.

பால்மரம் வெட்டிய கைகளுக்கு இது எளிதில் விளங்கும். வெட்டிய பட்டை மீண்டும் வளர்கிறதல்லவா? பட்டைக்கும் கட்டைக்கும் இடையே உள்ள மெல்லிய படலம்தான் புதுப் பட்டையை உண்டாக்குகிறது. கத்தி ஆழமாக இறங்கி அந்தப் படலத்தைக் காயப்படுத்தினால், அங்கே பட்டை ஒழுங்காக வளராது; முண்டும் முடிச்சுமாகிவிடும்.

நம் எலும்பைச் சுற்றியும் அப்படியொரு மெல்லிய உறை உண்டு. அந்த உறையிலும், எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையிலும் மூல உயிரணுக்கள் இருக்கின்றன. இவற்றையே மருத்துவர்கள் 'ஸ்டெம் செல்' என்கிறார்கள். தேவைப்படும்போது பெருகி, குருத்தெலும்பாகவும் எலும்பாகவும் மாறக்கூடியவை இவை. மஜ்ஜையில் உள்ள உயிரணுக்கள் புது எலும்பை உண்டாக்கும் என்பதை 1960களில் சோவியத் அறிஞர் அலெக்சாண்டர் ஃபிரீடன்ஸ்டைன் சோதனைகளால் காட்டினார்.

எலும்பு முறிந்ததும் அந்த இடத்தில் இரத்தம் கட்டுகிறது. பிறகு வீக்கமும் சூடும் வலியும் வருகின்றன. இதற்கு அழற்சி என்று பெயர். இது கெட்டதன்று. காயத்தைச் சுத்தம் செய்து, மூல உயிரணுக்களை வேலைக்கு அழைக்கும் தப்பு ஓசை இதுதான். சில நாட்களில் அது தணிய வேண்டும். தணிந்தபின் இரண்டு மூன்று வாரங்களில் மெத்தென்ற இணைப்பு உண்டாகி, அடுத்து வரும் வாரங்களில் அது கெட்டி எலும்பாகிறது.

வயதானவர் உடலில் நடப்பது வேறு. மூல உயிரணுக்கள் குறைந்துவிடுகின்றன. மஜ்ஜையில் கொழுப்பு சேர்கிறது. அதோடு, காயம் எதுவும் இல்லாதபோதும் உடலெங்கும் மெல்லிய அழற்சி ஓயாமல் இருந்துகொண்டிருக்கிறது. வெளியே தெரியாது, நீறு பூத்த நெருப்புப் போன்றது அது. அந்தச் சூட்டில் கிடந்து கிடந்து மூல உயிரணுக்கள் சோர்ந்துவிடுகின்றன.

2019ஆம் ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வயதான எலிகளுக்கு ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மருந்தைக் கொடுத்து இந்த அழற்சியைத் தணித்தார்கள். மூல உயிரணுக்கள் பெருகின. எலும்பும் முன்னைவிட நன்றாகக் கூடியது. ஆகவே முதுமையின் எல்லாத் தளர்ச்சியும் மாற்ற முடியாதது அன்று என்பது தெரிகிறது.

உடனே ஆஸ்பிரின் வாங்கி விழுங்கிவிடாதீர்கள், நேயர்களே! அது எலிகளிடம் நடந்த ஆய்வு. எலும்பு முறிந்த முதல் நாட்களில் வரும் அழற்சி நமக்கு வேண்டியது. கடையில் கிடைக்கும் வலி மாத்திரைகளைக் கண்டபடி விழுங்கினால் எலும்பு கூடுவது தடைப்படலாம். வயிற்றில் இரத்தக் கசிவும் ஏற்படலாம். டாக்டர் கொடுத்த மாத்திரை மட்டும் போதும்.

நாம் செய்யக்கூடியவை வேறு உண்டு. நீறு பூத்த நெருப்பை ஊதி வளர்ப்பவை எவை? புகைபிடித்தல், கட்டுக்கு அடங்காத இனிப்பு நீர், வயிற்றுப் பருமன். எலும்பு முறிந்தவர் சுருட்டையும் சிகரெட்டையும் அன்றே விட்டுவிட வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்கள் மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது.

வீட்டுப் பெரியவர்கள் பலர் கோப்பியும் ரொட்டியுமாகப் பொழுதைக் கழித்துவிடுகிறார்கள். புது எலும்பு எதைக் கொண்டு வளரும்? முட்டை, பருப்பு, முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி ஆகியவற்றைத் தினமும் கொடுங்கள். சிறிது நேரம் வெயிலிலும் உட்காரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. முதியவர் விழுந்து, காலை ஊன்ற முடியாமல் தவித்தால், எண்ணெய் தேய்த்து உருவி விடாதீர்கள். மரத்தின் படலம்போல் எலும்பின் உறையும் காயப்படும். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை வேண்டும் என்றால் தயங்க வேண்டாம். வயதைக் காரணம் காட்டிப் படுக்கையிலேயே கிடத்தினால் படுக்கைப் புண்ணும் நுரையீரல் காய்ச்சலும் வரும்; முறிந்த எலும்பைவிட அவையே உயிருக்கு ஆபத்தானவை. அறுவைக்குப் பின் டாக்டர் நடக்கச் சொன்னால் கைகொடுத்து நடக்க வையுங்கள்.

முதிய எலும்பு மெதுவாகக் கூடும், ஆனாலும் கூடும். அதற்கு வேண்டிய காலத்தையும் கவனிப்பையும் கொடுப்பது பிள்ளைகளாகிய நம் கடமை.