நடுவில் வரும் பந்து

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



ஆண்டு மலரில் இடம்பெறப் போகும் பேச்சென்றால் கனமான பொருளை எதிர்பார்ப்பீர்கள். நானோ ஒரு துளைப்பந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொறுத்தருள வேண்டும்.

பிக்கிள்போல் என்னும் ஆட்டம் 1965இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவிலே தோன்றியது. ஜோயல் பிரிச்சார்ட் என்பவர் வீட்டில் பட்மின்டன் களம் இருந்தது. மட்டைகள் சரியாக அகப்படவில்லை. மேசைப்பந்து மட்டையையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தையும் எடுத்துக்கொண்டு ஆடத் தொடங்கினார்கள். களத்தின் அளவு இன்றும் பட்மின்டன் இரட்டையர் களத்தின் அளவே: 44 அடி நீளம், 20 அடி அகலம். ஆகவே கண்டியில் பட்மின்டன் கோடு போட்ட எந்த மண்டபத்திலும், வெளியே ஐப்பசி மழை கொட்டினாலும், நடுவில் 34 அங்குல உயரத்துக்கு வலையைக் கட்டி ஆடிவிடலாம்.

வலைக்கு இருபுறமும் 7 அடி நிலத்தை ஆங்கிலத்தில் குசினி என்றே சொல்கிறார்கள். சகோதரிகள் முகம் சுளிக்க வேண்டாம். அந்தக் குசினிக்குள் நின்று, நிலத்தில் படாத பந்தை அடிக்க எவருக்கும் அனுமதியில்லை. அத்துடன் தொடக்கப் பந்தையும் அதற்கு வரும் பதிற்பந்தையும் ஒருமுறை நிலத்தில் பட விட்டே அடிக்க வேண்டும். கைவலிமை உள்ளவன் எடுத்த எடுப்பிலே பாய்ந்து முடித்துவிட இயலாது. வலையோரம் மெல்லப் பந்தை இறக்கத் தெரிந்தவருக்கே வெற்றி. ஆணும் பெண்ணும் சோடி சேர்ந்து ஆட ஏற்ற ஆட்டம் இது.

நிற்க. இத்தனை சட்டம் இருந்தும் ஆட்டத்தைக் கெடுத்தவன் ஒருவன் உண்டு. அவன் நான்தான்.

என் அக்காவின் மகளோடு ஆடினேன். நடுவில் வந்த பந்தெல்லாம் எனக்கே என்று பாய்ந்தேன். அவள் பக்கத்துப் பந்தையும் விட்டேனில்லை. எதிரிகள் என்னை இழுத்துவிட்டு, வெறுமையாய்க் கிடந்த என் பக்கத்தில் பந்தைப் போட்டார்கள். தோற்றோம். "பார்த்துக்கொண்டு நிற்கவா மாமா என்னைக் கூட்டி வந்தீங்க?" என்றாள். அதன்பின் மூன்று மாதம் அவள் மட்டையைத் தொடவில்லை. தோற்றதல்ல, அதுதான் எனக்குச் சுட்டது.

மேசைப்பந்து இரட்டையரில் இந்த வம்பு இல்லை. அங்கே சோடியினர் மாறி மாறியே அடிக்க வேண்டும். 2022இல் பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் கலப்பு இரட்டையர் தங்கம் வென்ற சென்னை வீரர் சரத் கமலுக்கு அப்போது வயது 40. சோடியாக ஆடிய ஸ்ரீஜா அக்குலாவுக்கு 24. எத்தனை அநுபவம் இருந்தாலும் அவளுடைய பந்தை அவர் எடுக்க முடியாது. பிக்கிள்போலில் அப்படியொரு சட்டம் இல்லை. நாமே நம்மைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது.

வழி எளிது. இருவரும் வலக்கைக்காரர் என்றால், இடப்பக்கம் நிற்பவருக்கே நடுப்பந்து முன்கைக்கு வரும். பெரும்பாலும் அவரே அடிக்கட்டும். பக்கம் மாறும்போது உரிமையும் மாறும். "என்னது" என்று உரக்கச் சொல்லிவிட்டால் மட்டைகள் மோதா.

பெண்பிள்ளைகள் ஆடவரோடு ஆடுவதா என்று பெரியோர் சிலர் கேட்டீர்கள். அந்தத் தயக்கத்தை நான் குறைகூறேன். தந்தையும் மகளும், அண்ணனும் தங்கையும் என்று தொடங்குவோம். நீங்கள் வாசலில் காவலிருக்க வேண்டாம். மட்டையோடு உள்ளே வாருங்கள். முழங்கால் வலியுள்ளவர்க்கும் இங்கே இடமுண்டு.

அக்காவின் மகள் சென்ற வாரம் திரும்பி வந்தாள். ஆட்டம் தொடங்குமுன் அவள் கேட்டது ஒன்றே: "இப்ப நடுப்பந்து யாருக்கு மாமா?"

"உனக்கு" என்றேன்.